நகச்சொத்தை: யாருக்குச் சிறிது, யாருக்குப் பெரிது?



எங்களைச் சந்திக்கும்போது நீங்கள் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைகளைப் பற்றியும், பிரசவ வார்டைப் பற்றியும், புதிதாக வந்த கருவிகளைப் பற்றியும் விசாரிக்கிறீர்கள். இந்த இதழின் பாடத்தில் மிகச் சிறிய ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். அது கால் பெருவிரல் நகம்.

புறநோயாளிப் பிரிவுக்கு வருகிறவர்கள் தங்கள் நகத்தைக் காட்டுவதற்காக வருவதில்லை. சர்க்கரை, இருமல், காய்ச்சல், மூட்டுவலி என்று ஏதோ ஒன்றுக்காக வருகிறார்கள். செருப்பைக் கழற்றச் சொல்லும்போதுதான் மஞ்சளாகத் தடித்து, ஓரம் பொடிந்து, விரலை விட்டுத் தூக்கி நிற்கும் நகம் எங்கள் கண்ணில் படுகிறது. "அது பல வருஷமாக இருக்கிறது டாக்டர், ஒன்றும் செய்வதில்லை" என்பதே அநேகருடைய பதில். பலருக்கு அந்தப் பதில் சரியானதுதான். சிலருக்கு அது ஆபத்தான பதில். யாருக்கு எது என்பதைக் கண்டுகொள்ள உங்களுக்கு உதவுவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

சுருக்கமாகச் சொன்னால், நகச்சொத்தையைப் பார்க்கும்போது "நகம் எவ்வளவு கெட்டிருக்கிறது?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இது யாருடைய நகம்?" என்றும் கேட்கவேண்டும்.

நகமும் காளானும்

நகம் என்பது கெரட்டின் என்ற புரதத்தால் ஆன தகடு. தோலுக்கு அடியில் மறைந்திருக்கும் வேர்ப்பகுதியிலிருந்து அது மெதுவாக வெளியே தள்ளப்படுகிறது. கைவிரல் நகம் மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகத்தின் வளர்ச்சி அதில் பாதிதான். ஆகவே கைநகம் ஒன்று முழுதாகப் புதுப்பிக்கப்பட சுமார் 6 மாதங்கள் ஆகும். கால் பெருவிரல் நகத்துக்கோ 12 முதல் 18 மாதங்கள் வேண்டும். வயதானவர்களுக்கும், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இன்னும் தாமதமாகும். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். மருந்தைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

நகத்தைத் தாக்கும் நுண்காளான்களை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். முதலாவது, கெரட்டினையே உணவாகக் கொள்ளும் காளான்கள். படர்தாமரையை உண்டாக்குகிறவையும் இவையே. இவற்றில் டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்பதுதான் உலகெங்கும் அதிகமாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணாகத் தொடங்கி, நகத்தின் நுனி வழியாகவோ ஓரத்தின் வழியாகவோ உள்ளே நுழையும். இரண்டாவது, கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகை. எந்நேரமும் தண்ணீரில் கை வைத்திருப்பவர்களுக்கு, அதாவது பாத்திரம் கழுவுகிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், மீன் சுத்தம் செய்கிறவர்கள் போன்றோருக்கு, நகத்தைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கி நாட்பட்ட நகச்சுற்றாக வருவதில் இதற்குப் பங்கு உண்டு. மூன்றாவது, மண்ணிலும் செடிகளிலும் வாழும் பூசணங்கள். இவற்றில் பியூசேரியம் என்ற பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வாழைத் தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு இதைத் தெரியும். வாழையின் வாடல் நோய்க்குக் காரணம் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பூசணமே.

ஆரோக்கியமான ஒருவரின் உடலில் இந்தக் காளான்கள் நகத்தோடும் தோலோடும் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் போகவிடாமல் இரத்தத்தின் வெள்ளணுக்கள் காவல் காக்கின்றன. நகம் அழகு கெடும், வெட்டுவதற்குக் கடினமாகும், சில வேளை செருப்பு அழுத்தி வலிக்கும். அவ்வளவுதான். காவல் தளர்ந்த உடலில் நிலைமை வேறு. அப்படிப்பட்டவர்களில் நான்கு வகையினரைப் பற்றி இங்கே பார்ப்போம்.

முதலாவது: சர்க்கரை நோய் உள்ளவர்கள்

நம் சபைகளில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிதாகி வருகிறது. ஆகவே இதை முதலில் வைக்கிறோம்.

வட அமெரிக்காவில் 550 சர்க்கரை நோயாளிகளைப் பரிசோதித்து 1998 இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், அவர்களில் 26 சதவீதம் பேருக்குக் கால் நகத்தில் காளான் இருந்தது. சர்க்கரை நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் இது இரண்டரை மடங்குக்கும் மேல்.

எண்ணிக்கையை விட, அதன் பின்விளைவே எங்களைக் கவலைகொள்ளச் செய்கிறது. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இப்படிப்பட்ட பாதத்தில் தடித்த நகம் ஒன்று இருந்தால் என்ன நடக்கும்? செருப்பு அதை அழுத்தும்போது அடியில் இருக்கும் மென்மையான தசை நசுங்கும். அவருக்கு வலி தெரியாது. கூரான நகவிளிம்பு பக்கத்து விரலைக் கீறும். அதுவும் தெரியாது. பிளேடால் நகத்தைச் செதுக்கும்போது தோலும் சேர்ந்து வெட்டுப்படும். இரத்தத்தைப் பார்த்தால்தான் அவருக்குச் செய்தி வரும். அந்தக் காயத்தின் வழியாகவும், சேற்றுப்புண்ணின் வெடிப்பு வழியாகவும் பாக்டீரியாக் கிருமிகள் உள்ளே போகின்றன. கால் சிவந்து வீங்குகிறது, சீழ் வைக்கிறது, எலும்பு வரை போகிறது. காளான் தானாக விரலை அழிக்கவில்லை. அது வாசலைத் திறந்து வைத்தது. வேறு கிருமிகள் உள்ளே வந்தன. "சின்னக் காயம்தான் இருந்தது, காலை எடுத்துவிட்டார்கள்" என்று ஊரில் சொல்லும் கதைகளுக்குப் பின்னால் பல நேரங்களில் இப்படிப்பட்ட ஒரு வாசல் இருக்கிறது.

வலி என்பது ஒரு பாதுகாப்பு என்று நம் நாட்டில் தெளிவாக எடுத்துக்காட்டியவர் 1946 இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் தெரியாமல் ஏற்படும் காயங்களாலும் அவற்றில் சேரும் கிருமிகளாலும்தான் அழிகின்றன என்று அவர் காட்டினார். மரத்துப்போன பாதங்களைக் காக்க அக்காலத்தில் தொழுநோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட எம்.சி.ஆர். செருப்பு, இன்று சர்க்கரை நோயாளிகளின் காலிலும் இருக்கிறது. நோய் வேறானாலும் பாடம் ஒன்றே: உணர்ச்சி இல்லாத பாதத்தைக் கண்தான் காக்கவேண்டும்.

பாதம் மரத்திருக்கிறதா என்பதை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை, நோயாளி கண்ணை மூடியிருக்கும்போது பாதத்தின் சில இடங்களில் தொட்டுப் பார்க்கிறோம். தொடுவது தெரியவில்லை என்றால் அந்தப் பாதத்துக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். அதில் நகச்சொத்தையும் இருந்தால் அதை அலட்சியம் செய்வதில்லை.

இரண்டாவது: எச்.ஐ.வி. உள்ளவர்கள்

1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது அப்போதுதான் முதன்முதலில் தெரியவந்தது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளில், நகமும் சில வேளைகளில் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும் என்பதை உலகெங்கும் மருத்துவர்கள் கவனித்தார்கள்.

சாதாரணமாக நகச்சொத்தை நுனியிலிருந்து அடியை நோக்கிப் போகும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களிடம் சில வேளை இது தலைகீழாக வருகிறது. நகம் தோலிலிருந்து வெளிவரும் இடத்தில், பிறை தெரியும் பகுதியில், வெண்மையான திட்டு ஒன்று தோன்றி நுனியை நோக்கிப் பரவுகிறது. ஒரே சமயத்தில் பல நகங்களில், விரைவாக, இப்படிக் காணப்பட்டால் மருத்துவர் எதிர்ப்பு சக்தியைப் பற்றி யோசிக்கவேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நகத்தில் வெண்மையைக் கண்டவுடன் யாரையும் சந்தேகிக்கக் கூடாது. அடிபட்டாலும் நகத்தில் வெள்ளைப் புள்ளி வரும். நகத்தைப் பார்த்து எச்.ஐ.வி. என்று யாரும் முடிவு கட்ட முடியாது. இரத்தப் பரிசோதனை மட்டுமே அதைச் சொல்லும். அதுவும் அவருடைய சம்மதத்தோடு, இரகசியம் காக்கப்பட்டுச் செய்யப்படவேண்டும். நகம் கொடுப்பது ஒரு குறிப்பு மட்டுமே. அந்தக் குறிப்பை அறிந்த மருத்துவர், நோய் முற்றி நிமோனியாவும் காசநோயும் வந்து படுக்கையில் விழுவதற்கு முன்பே பரிசோதனைக்கு வழிகாட்ட முடியும்.

இந்திய அரசு 2004 ஏப்ரல் மாதத்தில் எச்.ஐ.வி. கூட்டுமருந்துகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அதன் தொடக்க மையங்களில் ஒன்று. இந்த மருந்துகளை ஒழுங்காக உட்கொண்டு எதிர்ப்பு சக்தி மீளும்போது, நகத்தின் நிலையும் பலருக்குச் சீரடைகிறது. ஆகவே இவர்களுக்கு முதல் மருந்து நகத்துக்கானது அல்ல, எச்.ஐ.வி.க்கானதே.

மூன்றாவது: சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள்

வேலூரில் 1971 இல் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை வெற்றிகரமாகச் செய்யப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை நம் நாட்டில் ஏராளமானோர் இதனால் பிழைத்திருக்கிறார்கள். பிறருடைய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதபடி, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைகளை இவர்கள் தொடர்ந்து உட்கொள்ளவேண்டும். அதனால் படர்தாமரை, நகச்சொத்தை, மருக்கள் போன்றவை இவர்களுக்கு எளிதில் வருகின்றன; வந்தால் எளிதில் போவதில்லை.

ஆனால் இவர்களுக்கு நகத்தைவிட, நகத்துக்கு வாங்கும் மாத்திரையே பெரிய ஆபத்து. இட்ராகோனசோல் என்ற காளான் மருந்து, டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகிய மாற்றுச் சிகிச்சை மருந்துகளை உடல் வெளியேற்றும் வழியைத் தடுக்கிறது. அவற்றின் அளவு இரத்தத்தில் ஏறி, புதிய சிறுநீரகத்தையே நஞ்சாகத் தாக்கக்கூடும். ஒரு குடும்பம் நிலத்தை விற்று, ஒரு தாயோ சகோதரனோ தன் சிறுநீரகத்தைக் கொடுத்து வாங்கிய வாழ்வு, மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய சில மாத்திரைகளால் ஆபத்துக்குள்ளாகலாம். மற்றொரு மருந்தான டெர்பினாபினுக்கு இந்த மோதல் குறைவு. ஆனால் சிறுநீரகத்தின் வேலை பாதியாகக் குறைந்தவர்களுக்கு அதையும் பொதுவாகச் சிபாரிசு செய்வதில்லை. ஆகவே இவர்கள் எந்தக் காளான் மாத்திரையையும் தங்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

நான்காவது: இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள்

நகச்சொத்தை நேரடியாக உயிருக்கே ஆபத்தாவது இங்கேதான். இரத்தப் புற்றுநோய்க்கான மருந்துகளும், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் சில வாரங்களுக்கு வெள்ளணுக்களை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிடுகின்றன. கிருமிகளை விழுங்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1500க்கு மேல் இருப்பது வழக்கம். இவர்களுக்கு அது 500க்கும் கீழே போகும்.

இப்படிப்பட்ட ஒருவரின் நகத்தில் முன்பு சொன்ன பியூசேரியம் இருந்தால், அது நகத்தோடு நிற்பதில்லை. நகத்தைச் சுற்றித் தோல் சிவந்து வலிக்கும், பின் விரல் வீங்கும், அதன்பின் காளான் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவும். தோலில் ஆங்காங்கே வலியுள்ள சிவந்த கட்டிகள் தோன்றி, நடுவில் கருகும். காய்ச்சல் தணியாது. பல மருந்துகள் இந்தக் காளானிடம் பலிப்பதில்லை. வோரிகோனசோல், ஆம்போடெரிசின் பி ஆகியவற்றைக் கொண்டு போராடினாலும், வெள்ளணுக்கள் திரும்ப ஏறாவிட்டால் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 இல் முதன்முறையாக வெளியிட்ட ஆபத்தான 19 காளான்களின் பட்டியலில் பியூசேரியமும் உயர் முன்னுரிமை வரிசையில் இடம்பெற்றிருக்கிறது.

இதனால்தான் புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கும் முன்பே கை, கால் நகங்களைப் பரிசோதிப்பது அவசியம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் நகத்தோரம் சிவந்தாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லவேண்டும். "காய்ச்சல் வந்தபின் போகலாம்" என்று காத்திருக்கக் கூடாது. இந்நாட்களில் தோட்ட வேலை, வயல் வேலை, வெறுங்காலோடு மண்ணில் நடத்தல் ஆகியவற்றையும் தவிர்க்கவேண்டும்.

எல்லாச் சொத்தையும் காளான் அல்ல

நிறம் மாறித் தடித்த நகங்களைப் பரிசோதித்தால் அவற்றில் ஏறத்தாழ பாதிதான் காளானால் வந்தவை. மற்றவை சொரியாசிஸ் என்ற தோல்நோயாலோ, பழைய அடியினாலோ, இறுக்கமான செருப்பினாலோ, முதுமையினாலோ வந்திருக்கும். மிக அரிதாக, நகத்தில் புதிதாகத் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு ஒரு வகைப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். ஆகவே பார்வையால் மட்டும் முடிவு செய்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது சரியல்ல.

பரிசோதனை எளியது. நகத்தின் அடியிலுள்ள பொடியைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்க்கிறோம். கெரட்டின் கரைந்து, காளானின் இழைகள் நூல்போலத் தெரியும். எந்தக் காளான் என்று அறிய அதை வளர்த்துப் பார்க்கவேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகலாம். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இந்தக் காத்திருப்பு வீண் அல்ல. படர்தாமரைக் காளானுக்கு உதவும் மருந்து பியூசேரியத்துக்கு உதவாது. முதல் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும், சந்தேகம் இருந்தால் மீண்டும் செய்துபார்க்கவேண்டும்.

மருந்துகளைப் பற்றி

1958 வரை நகக்காளானுக்கு வாய்வழி மருந்து என்று சொல்லத்தக்கது இல்லை. அந்த ஆண்டில் கிரிசியோபுல்வின் நோயாளிகளுக்குக் கொடுக்கப்படத் தொடங்கியது. அதையும் ஒரு வருடத்துக்கு மேல் உட்கொள்ள வேண்டியிருந்தது. இன்று டெர்பினாபின் 250 மில்லிகிராம் மாத்திரையை நாளொன்றுக்கு ஒன்றாக, கைநகத்துக்கு 6 வாரங்களும் கால் நகத்துக்கு 12 வாரங்களும் கொடுப்பது வழக்கம். கல்லீரல் நன்றாக இருக்கிறதா என்று முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும்.

12 வாரம் முடிந்ததும், "நகம் இன்னும் அப்படியே இருக்கிறதே, மருந்து வேலை செய்யவில்லை" என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். முதலில் சொன்ன கணக்கை இங்கே நினைவுகூருங்கள். மருந்து காளானைத்தான் கொல்லும். பழைய நகத்தை அழகாக்காது. நல்ல நகம் அடியிலிருந்து வளர்ந்து வெளிவர ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். குணமானவர்களிலும் 10 முதல் 50 சதவீதம் பேருக்கு நோய் திரும்புவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இது இன்னும் எளிதில் திரும்பும்.

மாத்திரை ஏற்காதவர்களுக்கு அமோரோல்பின், சைக்ளோபிராக்ஸ் போன்ற பூச்சுகள் உண்டு. நகத்தின் நுனி மட்டும் கெட்டிருந்தால் இவை உதவும். அடிவரை பரவியிருந்தால் தனியாக இவை போதாது. கெட்ட பகுதியை அராவி மெல்லியதாக்கினாலே செருப்பின் அழுத்தம் குறைந்து, அடியில் புண் வருவது தடுக்கப்படும். காளானை முழுதும் ஒழிக்க முடியாத முதியவர்களுக்கு இதுவே நல்ல சிகிச்சை.

வேறு மருந்துகள் சாப்பிடுகிறவர்கள் கவனிக்கவேண்டியவை சில உண்டு. காசநோய்க்கான ரிபாம்பிசின், இட்ராகோனசோலின் அளவை மிகவும் குறைத்து அதைப் பயனற்றதாக்கும். புளூகோனசோல், கிளிபென்கிளமைடு போன்ற சில சர்க்கரை மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டி, சர்க்கரையைத் தாழ்நிலைக்குக் கொண்டுபோகலாம். இருதயம் பலவீனமானவர்களுக்கு நகச்சொத்தைக்காக இட்ராகோனசோல் கொடுக்கக் கூடாது. ஒரு காலத்தில் தாராளமாகக் கொடுக்கப்பட்ட கீட்டோகோனசோல் மாத்திரையை, கல்லீரலைக் கெடுப்பதால், நகத்துக்கும் தோலுக்கும் இப்போது பயன்படுத்தக் கூடாது. ஆகவே மருத்துவரிடம் போகும்போது, வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

மருந்துக்கடைக் களிம்புகளும் கைவைத்தியமும்

அரிப்பு என்று கடையில் கேட்டால் கிடைக்கும் பல களிம்புகளில் காளான் மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. பூசியவுடன் அரிப்பு அடங்கும். ஆனால் ஸ்டீராய்டு அந்த இடத்தின் காவலைக் குறைத்துவிடுவதால் காளான் செழிக்கும். இப்படி அரைகுறையாகப் பூசும் பழக்கத்தினிடையே, டெர்பினாபினுக்கு அடங்காத புதுவகைப் படர்தாமரை நம் நாட்டில் பரவியிருக்கிறது. 2020 இல் அதற்கு டிரைக்கோபைட்டான் இண்டோடினியே என்று இந்தியாவின் பெயரையே சேர்த்துப் பெயரிட்டார்கள். அந்த ஆராய்ச்சியில் இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்த காளான்கள் இருந்தன. ஒருவருடைய அவசரக் களிம்பு, பக்கத்து வீட்டு நோயாளியின் மருந்தையும் பலமிழக்கச் செய்கிறது என்பதை உணரவேண்டும்.

கைவைத்தியத்தை நாங்கள் பழிக்கவில்லை. நகச்சுற்று வந்த விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொள்வதும், சொத்தை நகத்துக்கு மருதாணி இடுவதும் நம் பாட்டிமார் காலத்து வழக்கம். உடல் வலுவாய் உள்ளவருக்கு அதனால் பெரிய தீங்கு நேராமல் இருக்கலாம். ஆனால் மரத்துப்போன விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகினால் உள்ளே சீழ் பிடிப்பது தெரியாது. மருதாணிச் சிவப்பு, நகத்தின் நிறமாற்றத்தை மருத்துவர் கண்ணுக்கு மறைத்துவிடும். கால் கடுக்கிறது என்று வெந்நீரில் வைப்பவர்களில், சூடு தெரியாமல் பாதம் வெந்துபோனவர்கள் உண்டு.

வீட்டில் செய்யவேண்டியவை

1. சர்க்கரை நோயோ எதிர்ப்பு சக்திக் குறைவோ உள்ளவரின் பாதங்களைத் தினமும் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேற்புறம், உள்ளங்கால், விரல் இடுக்கு, நகத்தோரம் நான்கையும் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். கண்பார்வை மங்கியவருக்கு வீட்டார் பார்க்கவேண்டும்.

2. கழுவியபின் விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். பித்தவெடிப்புக்கு எண்ணெயோ களிம்போ பூசலாம். ஆனால் விரல் இடுக்கில் பூசவேண்டாம்.

3. நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களை உள்ளே தோண்டவேண்டாம். பிளேடு வேண்டவே வேண்டாம். நகவெட்டியை ஒருவருக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். தடித்த நகத்தையும் மரத்த காலின் நகத்தையும் மருத்துவமனையில் வெட்டிக்கொள்வது நல்லது.

4. காலுறைகளைத் தினமும் மாற்றி, வெந்நீரில் துவைத்து, வெயிலில் உலர்த்துங்கள். ஈரச் செருப்பைப் போடாதீர்கள். செருப்புப் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

5. வீட்டில் ஒருவருக்குச் சேற்றுப்புண்ணோ படர்தாமரையோ இருந்தால் அவருக்கும் சேர்த்து வைத்தியம் செய்யுங்கள். துண்டைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள்.

6. கால் சிவத்தல், வீக்கம், நீர் கசிதல், துர்நாற்றம், கறுத்தல், காய்ச்சல் இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். வலி இல்லை என்பதை நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது

ஆலயத்துக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றி வைப்பது நம்மில் பலருடைய வழக்கம். வெயிலில் காய்ந்த கல்தரை, மரத்துப்போன பாதத்தைச் சுட்டுக் கொப்புளமாக்கிவிடும். ஆகஸ்ட் மாதத்தில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்கிறவர்களில் வெறுங்காலோடு போகிறவர்களும் அநேகர். அவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் மெத்தென்ற செருப்போடு நடப்பதில் பக்தி ஒன்றும் குறைந்துவிடாது. ஆலயத்துக்குள் இப்படிப்பட்டவர்கள் காலுறையோ, அதற்கென்றே வைத்திருக்கும் சுத்தமான செருப்போ அணிந்துகொள்ள இடம் கொடுங்கள். "செருப்போடு வந்துவிட்டாரே" என்று யாரும் முகம் சுளிக்கவேண்டாம்.

நோயாளிகளையும் முதியவர்களையும் வீடுகளில் சந்திக்கச் செல்கிறவர்கள் உங்களில் பலர். அடுத்த முறை போகும்போது, "சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா?" என்று கேட்பதோடு, "அம்மா, உங்கள் காலைக் கொஞ்சம் பார்க்கட்டுமா?" என்றும் கேளுங்கள். தனியாக வாழும் முதியவர்களின் பாதத்தை மாதக்கணக்கில் யாருமே பார்த்திருக்கமாட்டார்கள். அவர்களும் அதைக் காட்டக் கூச்சப்படுவார்கள். அருவருப்பின்றிப் பார்க்கும் ஒருவர் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கக்கூடியதை, பிறகு அறுவை அரங்கில் பல மணிநேரம் உழைத்தும் எங்களால் சரிசெய்ய முடியாமல் போகலாம்.

கூடுகைகளில் கலந்து பேச

1. நம் சபையில் சர்க்கரை நோயோ, புற்றுநோய்ச் சிகிச்சையோ, சிறுநீரக மாற்றோ உள்ளவர்கள் யார்? அவர்களுடைய பாதங்களை வீட்டில் பார்ப்பவர் யார்?

2. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர் கடையில் காளான் மாத்திரை வாங்கப் போனால் அவரிடம் என்ன சொல்வீர்கள்?

3. ஒருவருடைய நகத்தைப் பார்த்து அவருக்கு இன்ன நோய் என்று பிறர் பேசத் தொடங்கினால், அதை எப்படித் தடுப்பீர்கள்?

4. உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ள களிம்புகளை எடுத்துப் பாருங்கள். ஸ்டீராய்டு கலந்தவை எத்தனை? அவற்றை எழுதிக் கொடுத்தது மருத்துவரா?

இந்தப் பாடத்தைப் படித்து முடித்தவுடன் முதலில் உங்கள் கால்களையே பாருங்கள். பிறகு உங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களின் கால்களைப் பாருங்கள். நகம் நன்றாக இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால், அது யாருடைய நகம் என்று யோசித்து, தேவையானவரைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.